இவோ ஜீமாவில் ஒரு யூத மதகுரு

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையோடு யூத மதகுருக்களும் போனார்களாமே, களத்தில் அவர்களுக்கு என்ன வேலை? (வாசகி, கும்பகோணம்)

பதில்: ராபி என்று அழைக்கப்படும் இந்த மதகுருக்கள் ஆயுதம் ஏந்துவதில்லை. வழிபாடு நடத்துவது, காயம்பட்டவர்கள் பக்கத்தில் உட்காருவது, இறந்தவர்களை அடக்கம் செய்வது, அப்புறம் அவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதுவது. பக்கத்தில் கிடப்பவன் எந்த மதம் என்று பார்க்க அங்கே நேரம் இருக்காது.

எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் ரோலண்ட் கிட்டெல்சான். போரே கூடாது என்று பேசிவந்த மனிதர், ஹிட்லரின் கொடுமையைப் பார்த்து மனம் மாறி, அமெரிக்க மரீன் படையின் முதல் யூத மதகுருவாகச் சேர்ந்தார். 1945 பிப்ரவரியில் ஜப்பானின் இவோ ஜீமா தீவில் தொடங்கிய சண்டையில் அமெரிக்கத் தரப்பில் மட்டும் ஏறத்தாழ 6,800 பேர் இறந்தார்கள். மார்ச்சில் கல்லறைத் தோட்டத்தை அர்ப்பணித்தபோது, எல்லோருக்குமான பொது உரையை இவரே ஆற்ற வேண்டும் என்று தலைமை மதகுரு வாரன் கத்ரீல் விரும்பினார். அவர் புராட்டஸ்டன்ட். ஆனால் கிறிஸ்தவர்களின் கல்லறைகள்மேல் ஒரு யூதர் பேசுவதா என்று மற்ற மதகுருக்கள் சிலர் எதிர்த்தார்கள். அத்தனை சாவைப் பார்த்த பிறகும் இப்படிக் கேட்க முடிந்ததே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. கத்ரீலுக்குச் சங்கடம் வேண்டாம் என்று கிட்டெல்சானே ஒதுங்கிக்கொண்டு, எழுதிவைத்த உரையை யூதர்களுக்கான சிறிய வழிபாட்டில் வாசித்தார். கறுப்பரும் வெள்ளையரும், ஏழையும் பணக்காரரும் இங்கே பேதமில்லாமல் சேர்ந்து கிடக்கிறார்கள் என்பதுதான் அதன் சாரம். நடந்ததைப் பொறுக்காத மூன்று புராட்டஸ்டன்ட் மதகுருக்கள் அங்கே வந்து கேட்டார்கள். உரையைப் படியெடுத்துப் படைவீரர்களிடம் பரப்பியதும் அவர்கள் தரப்புதான், அது வீட்டுக்குப் போன கடிதங்கள் வழியாகப் பத்திரிகைகளுக்கும் போய்ச் சேர்ந்தது.