நீலத் தொட்டி, ஞாயிற்றுக்கிழமை மேசை – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மாதம் ஒரு ஞாயிறு தொண்டூழியர்கள் மேசை போட்டுப் பழைய தாளும் டப்பாவும் வாங்குவதைச் சென்ற வாரம் பாராட்டி எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் சென்னையில் வளர்ந்தவன். எங்கள் தெருவில் எக்ஸ்னோரா என்ற குடிமக்கள் தூய்மை அமைப்பின் மூன்று சக்கர வண்டி வரும், வீட்டுக்கு வீடு மாதச் சந்தா கொடுத்தோம். மாநகராட்சி எட்டிப் பார்க்காத தெருவுக்கு அது தேவையாக இருந்தது. இங்கே சிங்கப்பூரில் லாரி தவறாமல் வருகிறது, எரிக்க ஆலை இருக்கிறது. நாலு பேர் உட்கார்ந்து டப்பா பிரிப்பதால் அவர்களுடைய மனத்திருப்தியைத் தவிர வேறென்ன பலன்? மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியில் போடுவதும் கடைசியில் அதே குப்பை லாரியில்தான் போகிறது என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். பிறகு எதற்கு இந்தப் பாடு?

அன்புடன்,
க., ஈசூன்

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அதே லாரி இல்லை. நீலத் தொட்டிக்குத் தனி லாரி, அது போவது தரம்பிரிக்கும் கூடத்துக்கு. ஆனால் உங்கள் அலுவலகத்தில் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தத் தொட்டியில் விழுவதில் ஏறக்குறைய 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு ஆகாது என்கிறது தேசிய சுற்றுப்புற வாரியம். அது கடைசியில் எரியாலைக்குத்தான் போய்ச் சேர்கிறது. யாரோ பாதி குடித்த பபிள் டீயை அப்படியே வீசிவிட்டுப் போவார், கீழே கிடக்கும் செய்தித்தாள் கட்டு முழுக்க நனைந்துவிடும். எங்கள் புளோக் தொட்டியில் ஒருமுறை தலையணையே கிடந்தது.

இப்போது எக்ஸ்னோராவுக்கு வருவோம். எம்.பி. நிர்மல் 1989-ல் அதைத் தொடங்கியபோது சென்னையில் குப்பை தெருமுனையில் கண்முன்னே குவிந்து கிடந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தவர்கள் சந்தா கொடுத்தார்கள். இங்கே நிலைமை நேர் எதிர். பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் அடுப்படியிலேயே குப்பைக் குழாயின் வாய் இருக்கிறது. புதிய புளோக்குகளில் நாலு எட்டு வைத்தால் போதும். பையைத் தள்ளி மூடியைச் சாத்தினால் தீர்ந்தது. அது லாரியேறி, எரிந்து, கன அளவில் பத்தில் ஒரு பங்காகி, துவாஸிலிருந்து தோணியில் செமாக்காவ் தீவின் குப்பை நிரப்பிடத்துக்குப் போவதை நம்மில் யாரும் பார்ப்பதில்லை. 1999-ல் செயல்படத் தொடங்கிய அந்த நிரப்பிடம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்பது அரசின் கணக்கு. இத்தனூண்டு நாட்டில் அடுத்த தீவுக்கு எங்கே போவது?

அரசு குப்பை அள்ளுவதில் ஒரு குறையும் இல்லை. அவ்வளவு நன்றாக அள்ளுவதால்தான் நமக்கு அதைப்பற்றி நினைக்கவே வேண்டியிராமல் போயிற்று. வீட்டுக் குப்பையில் மறுசுழற்சிக்குப் போனது 2018-ல் 22 விழுக்காடு, 2024-ல் 11. பாதியாகிவிட்டது. இதில் குடியிருப்பாளர்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. 2018-லிருந்து சீனா கலவைக் கழிவுத்தாளை வாங்குவதை நிறுத்தியது, கப்பல் கட்டணம் ஏறியது, பழைய தாளுக்கு விலை இல்லாமல் போயிற்று. ஆனால் தலையணையைத் தொட்டியில் போட்டது சீனா இல்லையே.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு வருகிறேன். அங்கே எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு சீன ஆன்ட்டி முக்காலியில் உட்கார்ந்திருப்பார். அட்டைப்பெட்டியின் டேப்பைச் சிறு கத்தியால் கீறி உரித்து, தட்டையாக்கி அடுக்குவார். பாட்டில் என்றால் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். எங்கள் மாடியில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண்மணி நல்லெண்ணெய் பாட்டில்களைப் பை நிறையக் கொண்டுவந்தார். ஆன்ட்டி ஒன்றின் கழுத்துக்குள் விரலை விட்டுத் துழாவி, பிசுக்கை அவரிடமே காட்டி, "வாஷ் லா, நெக்ஸ்ட் மந்த் கம்" என்று பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இவருக்கு முகம் செத்துப் போயிற்று. லிஃப்ட்டில் என்னிடம், "இவங்க யாரு என்னைத் திருப்பி அனுப்ப?" என்று பொரிந்து தள்ளினார். அடுத்த மாதம் அதே பாட்டில்கள் பளபளவென்று வந்தன.

நீலத் தொட்டிக்குத் திருப்பிக் கொடுக்கத் தெரியாது. எனக்கு அந்த மேசையின் மதிப்பு இதில்தான். எத்தனை கிலோ சேர்ந்தது என்று பார்த்தால் நீங்கள் சொல்வதுதான் சரி, அது கடலில் கரைத்த பெருங்காயம். வாங்குகிற இடத்தில் ஓர் ஆள் இருந்தால் கொடுக்கிறவர் கழுவிக் கொடுக்கிறார். ஹாரனை அழுத்திக்கொண்டு புளோக் புளோக்காக வந்த, பழைய பொருள் வாங்கும் காராங்குனிக்காரர் அதைத்தான் செய்தார். நனைந்த தாளை எடை போடவே மாட்டார்.

ட்ஸு சி அறநிறுவனத்தின் மறுசுழற்சி நாள்களும் இந்த வகைதான். அதன் நிறுவனர் செங் யென் 1990-ல் தைவானில் ஓர் உரையின்போது, கைதட்டும் கைகளால் குப்பையைப் பிரியுங்கள் என்று கூட்டத்தினரைக் கேட்டுக்கொண்டார். அங்கிருந்து வளர்ந்த பழக்கம் சிங்கப்பூர்ப் பேட்டைகளிலும் நடக்கிறது. சஸ்டெய்னபிள் லிவிங் லேப் என்ற அமைப்பு 2014-ல் தொடங்கிய, பழுதுபார்க்கும் கூடமான ரிப்பேர் கோப்பித்தியாம் எனக்கு இன்னும் பிடிக்கும். பழுதான பொருளைக் கொடுத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போக முடியாது. தொண்டூழியர் பக்கத்தில் உட்கார்ந்து திருப்புளியை நம் கையில் கொடுத்துவிடுவார். ஊரிலிருந்து சுமந்துவந்த மிக்ஸி சுற்றவில்லை என்று தூக்கி எறிகிறோமே, பல நேரம் ஜாருக்கு அடியில் இருக்கும் கப்ளரின் பல் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான்.

எல்லா அமைப்புகளையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. விழா எடுத்துத் துணிப்பை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். என் வீட்டு அலமாரியில் அப்படி வந்த பைகளே ஒரு மூட்டை தேறும். அதற்குப் பெயர் சுற்றுச்சூழல் சேவை என்றால் எனக்கும் உங்கள் எரிச்சல்தான் வருகிறது.

அமைப்புகள் இப்போது வாய் திறக்க வேண்டிய விஷயம் வேறொன்று. பான பாட்டிலுக்கும் டின்னுக்கும் 10 காசு முன்பணம் வாங்கி, காலியானதைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுக்கும் திட்டத்துக்கு 2026 ஏப்ரல் என்று நாள் குறித்தார்கள். நல்ல திட்டம், காசு என்றால் நாம் யாரும் சொல்லாமலேயே கவனமாகிவிடுவோம். ஆனால் உணவங்காடிகளில் மேசை மேசையாக டின் பொறுக்கிக் கிலோ கணக்கில் விற்கும் முதியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு டின்னும் 10 காசு ஆகும்போது அது அவர்கள் கைக்கு வருமா, இல்லை நாமே மூட்டை கட்டிப் பேரங்காடி இயந்திரத்துக்குக் கொண்டுபோய்விடுவோமா? ஞாயிற்றுக்கிழமை மேசைக்காரர்களிடம் இதைக் கேட்டிருக்கிறேன். டின்களைத் தாங்கள் வாங்காமல் அந்த முதியவர்களுக்கே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறார்களாம்.

அன்புடன்,
அக்கா