குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு அப்பீல் உண்டா?

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். என் தம்பி பசுந்தேயிலை ஏற்றும் பிக்அப் ஓட்டுகிறான். 2023 நவம்பரில், நல்ல மழையில், கோத்தகிரி - குன்னூர் சாலையின் இறக்கத்தில், எதிரே ஏறி வந்த ஸ்கூட்டர் மீது மோதிவிட்டான். ஸ்கூட்டரில் வந்த பெரியவர் இறந்துவிட்டார். கோர்ட்டில் தம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டான். போன வாரம் ஒரு வருடம் சிறை என்று தீர்ப்பு. அப்பீல் போட ஒரு மாதம் டைம் கொடுத்து விட்டிருக்கிறார்கள். ஒப்புக்கொண்டவனுக்கு அப்பீலே கிடையாது, மீறிப் போனால் தண்டனையைக் கூட்டிவிடுவார்கள் என்கிறார்கள். உண்மையா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, வழி இருக்கிறது. ஒப்புக்கொண்ட பிறகு ‘நான் குற்றமே செய்யவில்லை’ என்று அப்பீலில் சொல்ல முடியாது. ஆனால் தண்டனையின் அளவு அதிகம் என்று கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 375-ஆவது பிரிவு, புதியதில் 416. தம்பி போடும் அப்பீலில் ஊட்டி அமர்வு நீதிமன்றம் தண்டனையைக் கூட்டவும் முடியாது. கூட்ட வேண்டுமென்றால் அரசுத் தரப்பு தனியாக அப்பீல் போட வேண்டும்.

விபத்து 2023-இல், புதிய சட்டம் வருவதற்கு முன் நடந்ததால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவுதான் (கவனக்குறைவால் மரணம்). அதிகபட்சம் 2 வருடம். தம்பிக்குக் கிடைத்தது அதில் பாதி. அது ஏன் அதிகம் என்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். ‘ஏழை, குடும்பம் இருக்கிறது’ என்று மட்டும் எழுதினால் எடுபடாது. நஷ்டஈடு கொடுத்ததை மட்டும் நம்பவும் கூடாது. பஞ்சாபில் இரண்டு பேர் இறந்த ஒரு கார் விபத்து வழக்கில், நஷ்டஈடு கொடுத்ததைப் பார்த்து உயர் நீதிமன்றம் ஒரு வருடச் சிறையை, ஏற்கெனவே அனுபவித்த 24 நாளாகக் குறைத்தது. 2015-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் 6 மாதம் என்று வைத்தது.

இதே மாதிரி ஒரு வழக்கு என்னிடம் வந்தது. டிரைவரின் அண்ணன் ஒரு பிளாஸ்டிக் கவரில் அன்றைய இலை எடைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். மழையில் நனைந்து மை பரவியிருந்தாலும் எடையும் நேரமும் படிக்க முடிந்தது. வண்டியில் அதிக பாரம் இல்லை, அவசர ஓட்டமும் இல்லை என்று அதை வைத்துத்தான் வாதாடினேன். நீதிபதி அந்தச் சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தண்டனை 4 மாதமாகக் குறைந்தது. உங்கள் தம்பியிடமும் அப்படி ஏதாவது இருக்கிறதா, தேடுங்கள். விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பார்வை மகஜரில் சாலையின் அகலம், டயர் தேய்ந்த தடம், வளைவில் எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கும். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் பிரேக் நிலவரம் இருக்கும். இரண்டையும் வக்கீலோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள்.

ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள். மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்கியது உங்கள் தம்பி. நீதிபதிக்கு இது தெரியாமல் இருக்காது. நாமே முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் மழை, லைசென்ஸ், முன்வழக்கு எதுவும் இல்லாதது, முதலிலேயே ஒப்புக்கொண்டது என்று அடுக்குவதுதான் சரி. இறந்தவர் வீட்டுக்கும் ஒரு இழப்பு நேர்ந்திருக்கிறது. மனுவில் அவர்களைக் குறை சொல்லும் ஒரு வரிகூட வேண்டாம்.

தீர்ப்புத் தேதியிலிருந்து 30 நாள்தான், அதில் ஒரு வாரம் போய்விட்டது. சிறைத்தண்டனை என்றால் தீர்ப்பு நகல் இலவசம், கையில் இல்லையென்றால் நாளைக்கே கேளுங்கள். அப்பீலோடு தண்டனையை நிறுத்தி வைக்கும் மனுவையும் சேர்த்தே போட வேண்டும். இப்போது தம்பி சிறைக்குப் போகாமல் வெளியே இருப்பது அந்த ஒரு மாதத்துக்கு மட்டும்தான். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் ஊட்டியில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பம் கொடுங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.