2147483647: எல்லாப் பகா எண்களாலும் வகுக்க வேண்டாம்

குன்னூர் மழையில் வீட்டில் அடைந்து கிடக்கும் மகள், 2147483647 பகா எண்தானா என்று கால்குலேட்டரோடு 900 வரை வகுத்துச் சோர்ந்துவிட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். கோத்தகிரியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவன் என்பதால், படித்ததும் மனம் பூரித்துப்போனேன். தயவுசெய்து அவளை நிறுத்தச் சொல்லாதீர்கள்!

இந்த எண் 2-இன் 31-ஆம் அடுக்கில் 1 குறைந்தது. அதனால் இதை வகுக்கக்கூடிய பகா எண் எதையும் 62-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7. இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63. எண்ணின் வர்க்கமூலம் வரை சோதித்தாலே போதும்; அது 46340-ஐச் சற்றே தாண்டுவதால், அதற்குள் இந்த நிபந்தனைக்குப் பொருந்தும் 84 பகா எண்களே தேறும். கணித மேதை ஆய்லர் 1772-இல் இப்படித்தான் கையாலேயே முடித்தார்.

அவள் செய்தவற்றில் தேவையானது 311 மட்டுமே. மீதி 35 வந்திருக்கிறதா, நோட்டில் பாருங்கள். அடுத்தது 1303.