61 கீ போதுமா? ஒரே கீபோர்டில் கோடிங்கும் தமிழ்99-உம்

கேள்வி: பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். இரவில் தமிழ்99 என்ற தமிழ்க் கீபோர்டு முறையில் கட்டுரைகள் எழுதுவேன். எந்த கீ என்ன செய்ய வேண்டும் என்று வியா என்ற மென்பொருள் மூலம் மாற்றக்கூடிய 60 சதவீத (அம்புக்குறி, எஃப் வரிசை இல்லாத 61 கீ) மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். ஸ்பேஸ்பாரைத் தட்டினால் இடைவெளி, பிடித்தால் லேயர் 1 (அதே கீக்கள் வேறு வேலை செய்யும் அடுக்கு) என்று வைத்தேன். எழுதும்போது சில இடைவெளிகள் விழுவதில்லை. அம்புக்குறி வேண்டும்போது எழுத்து விழுகிறது. சாய்கோடு கீயை மேல் அம்பாக்கியதில் தமிழில் ழ போய்விட்டது. அலுவலக லேப்டாப்பில் எந்த மென்பொருளும் நிறுவ முடியாது. எப்படிச் சீராக்குவது?

பதில்: முதலில் ழ. தமிழ்99-க்கு 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி என்று 31 கீ வேண்டும். ஆங்கில எழுத்துகள் 26-உம் போக, இரண்டு சதுர அடைப்புக்குறிகள் (ச, ஞ), அரைப்புள்ளி (ந), ஒற்றை மேற்கோள் (ய), சாய்கோடு (ழ) ஆகிய ஐந்தும் இதில் சேரும். இணையத்தில் கிடைக்கும் 60 சதவீத அமைப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மட்டும் நினைத்துப் போட்டவை. அவற்றில் முதலில் பலியாவது இந்த ஓரத்து கீக்கள்தான். லேயர் 0-இல், அதாவது வழக்கமான அடுக்கில், இந்த 31 கீயையும் தொடாதீர்கள். மீதி 30 கீயே உங்கள் வேலைக்குத் தாராளம்.

ஸ்பேஸ்பார் கோளாறுக்குக் காரணம் நேரக் கணக்கு. தட்டினால் ஒன்று, பிடித்தால் வேறொன்று என்று வைத்த கீயை, அழுத்திய கணத்தில் ஃபர்ம்வேரால் (கீபோர்டுக்குள் பதிந்த மென்பொருளால்) தீர்மானிக்க முடியாது; காத்திருந்து பார்க்கும். வியா கீபோர்டுகளுக்குள் ஓடும் க்யூஎம்கே என்ற ஃபர்ம்வேரில் இந்தக் காத்திருப்பு இயல்பாக 200 மில்லி நொடி. கட்டைவிரல் சற்றுச் சோம்பலாக அதைத் தாண்டி அமர்ந்திருந்தால் லேயர் திறந்து இடைவெளி தொலையும். 200-க்குள் ஸ்பேஸையும், லேயர் 1-இல் அம்பு வைத்த ஜே போன்ற கீயையும் அடித்து எடுத்துவிட்டால் அம்புக்குப் பதில் இடைவெளியும் எழுத்தும் விழும். எண்ணைக் கூட்டினால் ஒரு தொல்லை குறைந்து மற்றது வளரும். ஒவ்வொரு சொல்லுக்கும் தட்டுகிற கீயில் இந்த வேலையை வைக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

கேப்ஸ்லாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழுக்கு அது தேவையே இல்லை, கோடிங்கிலும் அரிது. அதில் எம்ஓ(1), அதாவது வியாவில் MO(1) என்று இருக்கும் கீயைப் போடுங்கள். பிடித்திருக்கும்வரை லேயர் 1, விட்டால் லேயர் 0, அவ்வளவுதான். தட்டினால் எஸ்கேப் என்று கூடுதல் வேலை எதுவும் கொடுக்காதீர்கள். அப்போது நேரக் கணக்குக்கே இடமில்லை. லேயர் 1-இல் அதே கேப்ஸ்லாக் இடத்தில் தலைகீழ் முக்கோணம், அதாவது ‘கீழே உள்ளதையே எடுத்துக்கொள்’ என்ற குறி, இருக்க வேண்டும். அங்கே வேறு கீயை வைப்பது லேயர் சிக்கிக்கொள்ள வழிவிடும்.

லேயர் 1-இல் ஐ, ஜே, கே, எல் நான்கும் மேல், இடது, கீழ், வலது அம்புகள். யூ ஹோம், ஓ எண்ட். ஒய் பேஜ் அப், ஹெச் பேஜ் டவுன். பேக்ஸ்பேஸ் இடத்தில் டெலிட். எண் வரிசையில் 1 முதல் சமக்குறி வரை சரியாக 12 கீ, எஃப்1 முதல் எஃப்12 வரை அப்படியே உட்காரும்.

பலர் கவனிக்கத் தவறுவது இடது கையை. கோடிங்கில் கன்ட்ரோல், ஷிஃப்ட், அம்பு மூன்றையும் சேர்த்துச் சொல் சொல்லாகத் தேர்ந்தெடுப்பது அன்றாட வேலை. சுண்டுவிரல் கேப்ஸ்லாக்கில் மாட்டியிருக்கும்போது ஷிஃப்டையும் கன்ட்ரோலையும் யார் அழுத்துவது? ஆகவே லேயர் 1-இல் எஸ் கீயில் ஆல்ட், டி-யில் ஷிஃப்ட், எஃப்-இல் கன்ட்ரோல் வையுங்கள். கேப்ஸ்லாக்கைப் பிடித்து, டி, எஃப் இரண்டையும் அழுத்தி ஜே-யைத் தட்டினால் முந்தைய சொல் தேர்வாகும். விரல்கள் நடு வரிசையை விட்டு நகரவே இல்லை. அம்புக் கீக்கள் உள்ள கீபோர்டில்கூட இந்தச் சுகம் கிடையாது.

பேக்டிக் (`) குறிக்கு ‘கிரேவ் எஸ்கேப்’ என்ற ஆயத்தக் கீ உண்டு: தனியே தட்டினால் எஸ்கேப், ஷிஃப்டோடு டில்டே (~). ஆனால் கோடிங் எடிட்டரான விஎஸ் கோடில் டெர்மினலைத் திறக்கும் கன்ட்ரோல்+பேக்டிக் அதில் கன்ட்ரோல்+எஸ்கேப்பாகப் போய், விண்டோஸில் ஸ்டார்ட் மெனு திறக்கும். லேயர் 1-இல் அரைப்புள்ளி இடத்தில் பேக்டிக்கை வைத்துவிடுங்கள்.

மவுஸில் ஒரு கை இருக்கும்போது ஒற்றைக் கையால் அம்பு வேண்டும் என்று வலது ஷிஃப்டைத் தட்டினால் மேல் அம்பு, பிடித்தால் ஷிஃப்ட் என்று வைப்பவர்கள் உண்டு. உங்களுக்கு அது ஒத்துவராது. தமிழ்99-இல் ஸ, ஷ, ஜ, ஹ நான்கும் ஷிஃப்டோடு மேல் வரிசையின் இடது ஓரத்து கீக்கள். விரல் பழகியவர்கள் வலது ஷிஃப்டைத்தான் தேடுவார்கள். வேகமாக ஜ அடித்தால் கர்சர் மேல் வரிக்குத் தாவி அங்கே ஊ விழும். தவிர, அம்பைப் பிடித்துக்கொண்டு நகரலாம் என்றாலும் நடக்காது, பிடித்தால் அது ஷிஃப்ட் ஆகிவிடும்.

அடுத்து மொழி மாற்றம். கீபோர்டு எழுத்தை அனுப்புவதில்லை, எந்த கீ என்ற எண்ணை மட்டும் அனுப்புகிறது. அதை ச என்றோ சதுர அடைப்புக்குறி என்றோ ஆக்குவது கணினி. அதனால் லேயரில் எங்கே அடைப்புக்குறியை வைத்தாலும் தமிழ் இயங்கும்போது ச தான் வரும். அம்பு, ஹோம், எஃப் வரிசைக்கு இந்தப் பாதிப்பு இல்லை. கீபோர்டிலிருந்தே யூனிகோடு எண்ணாகத் தமிழ் எழுத்தை அனுப்பும் வழியும் க்யூஎம்கே-யில் இருக்கிறது. ஆனால் ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனி முறை வேண்டும், விண்டோஸில் பொதுவாகத் துணை மென்பொருளும் வேண்டும். அலுவலக லேப்டாப்பில் அது நடக்காது. கணினியில் உள்ள தமிழ்99-ஐயே பயன்படுத்துங்கள்.

மொழி மாற்ற விண்டோஸ்+ஸ்பேஸை ஒரே கீயில் வைக்கலாம். ஆனால் பெங்களூரில் பலரைப் போலக் கன்னடத்தையும் சேர்த்திருந்தால் அது மூன்றையும் வரிசையாகச் சுற்றும். எதில் நிற்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். விண்டோஸின் மேம்பட்ட கீபோர்டு அமைப்புகளில் ஒவ்வொரு மொழிக்கும் தனிக் குறுக்குவழி தரலாம். தமிழுக்கு கன்ட்ரோல்+ஷிஃப்ட்+1, ஆங்கிலத்துக்கு கன்ட்ரோல்+ஷிஃப்ட்+2 என்று கொடுத்து, வியாவின் மேக்ரோ (ஒரே கீயில் பல கீக்களின் சேர்க்கை) பக்கத்தில் அவற்றைப் பதிந்து, லேயர் 1-இல் என், எம் இரண்டிலும் வையுங்கள். எக்செலில் அதே சேர்க்கைகள் எண், நேர வடிவங்களுக்கானவை. நாள் முழுக்க எக்செல் என்றால் விண்டோஸ்+ஸ்பேஸே மேல். மேக்ரோவில் கடவுச்சொல்லை மட்டும் வைக்காதீர்கள். அது பூட்டில்லாமல் கிடக்கும். கீயைத் தட்டும் எவருக்கும் கிடைக்கும்.

அலுவலகத் தடை ஒரு பிரச்சினையே இல்லை. லேயரும் மேக்ரோவும் கீபோர்டின் நினைவகத்திலேயே பதிகின்றன. வீட்டுக் கணினியில் குரோம் அல்லது எட்ஜில் வியா தளத்தைத் திறந்து அமைத்துவிட்டு எடுத்துப் போங்கள். ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரியில் அது இயங்காது. மொழிக் குறுக்குவழி மட்டும் விண்டோஸுடையது, அலுவலகக் கணினியில் தனியே கொடுக்க வேண்டும். கீபோர்டே தென்படவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் தரவு போகாது, பெங்களூரின் மின்னணுக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் வாங்கும்போதே டேட்டா கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். ப்ளூடூத் உள்ள மாடலை வயர் நிலைக்கு மாற்றிவிட்டு இணையுங்கள்.

மாற்றியது எதுவும் வேலை செய்யவில்லை என்றால் பக்கவாட்டில் மேக், விண்டோஸ் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். கீக்ரான் நிறுவனத்தின் க்யூ, வி வரிசைகளின் பல மாடல்களில் மேக்குக்கு லேயர் 0, 1. விண்டோஸுக்கு 2, 3. அந்த மாடல்களில் மேலே சொன்ன 0-வை 2 என்றும், 1-ஐ 3 என்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முடித்ததும் வியாவின் சேமிப்புப் பக்கத்தில் ஜேசான் கோப்பாக ஒரு நகல் எடுத்து வையுங்கள். பல கீபோர்டுகளில் எஸ்கேப்பை அழுத்தியபடி கேபிளைச் செருகினால் நினைவகம் அழிந்து, ஃபர்ம்வேர் ஏற்றும் நிலைக்குப் போய்விடும். கீபோர்டு செத்துவிட்டதுபோல் தோன்றும். கழற்றி மறுபடி செருகினால் உயிர் வரும், நகலை ஏற்றினால் லேயர்களும் திரும்பும். மேக்ரோக்கள் சரியாக வந்தனவா என்று தனியே ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள்.