மாத்திரை தொடங்கிய பிறகும் கவுட் வலி வந்தது ஏன்?

கேள்வி: என் வயது 48. இரண்டு வருடங்களில் நான்கு முறை நடு இரவில் கால் கட்டைவிரல் வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்தது. யூரிக் அமிலம் 8.9. கவுட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவாதம்) என்று சொல்லி, அந்த அமிலத்தைக் குறைக்கும் அலோபுரினால் மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவது வாரமே மறுபடி வலி. பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிட்டேன். செய்தது சரியா?

பதில்: உங்கள் சந்தேகத்தில் பாதி உண்மைதான். மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களில் வலி கூடுதலாக வரலாம். ஆனால் அது மருந்து ஒத்துக்கொள்ளாததால் அல்ல.

100 மில்லிலிட்டர் ரத்தத்தில் யூரிக் அமிலம் சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், அது ஊசி போன்ற படிகங்களாக மூட்டில் படியத் தொடங்கும். உங்களுக்கு இது வருடக்கணக்கில் சேர்ந்திருக்கும். மாத்திரை யூரிக் அமில அளவைக் குறைக்கும்போது பழைய படிகங்கள் கரைந்து உதிர்கின்றன. உடல் அவற்றை எதிர்க்க, மூட்டு வீங்குகிறது. இதைத் தடுக்கத்தான் ஆரம்பத்தில் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குக் குறைந்த அளவு கோல்சிசின் என்ற வீக்கம் தடுக்கும் மருந்தும் சேர்த்துத் தருவோம். இதை முன்பே யாராவது உங்களுக்கு விளக்கியிருக்க வேண்டும்.

எனவே உங்கள் மருத்துவரைப் பார்த்து மறுபடி தொடங்குங்கள். வழக்கமாக 100 மில்லிகிராமில், சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதற்கும் குறைவாகத் தொடங்கி, யூரிக் அமிலம் 6-க்குக் கீழே இறங்கும்வரை மெல்லக் கூட்டுவார்கள். அப்புறம் வலி வந்தாலும் இதை நிறுத்தாதீர்கள். வலிக்குத் தனி மருந்து உண்டு. முதல் நாளே எடுத்தால்தான் நன்றாகக் கேட்கும். சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்கள் கடையில் வலிமாத்திரை வாங்கிப் போடவே கூடாது. இன்னொன்று, வலி உள்ள நாளில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமில அளவு இயல்பாகவே காட்டலாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

பீர், ஈரல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சி, சர்க்கரை பானங்கள் ஆகியவற்றைக் குறையுங்கள். உடல் எடையை மெதுவாகக் குறையுங்கள். பட்டினி கிடந்தால் வலியைத் தூண்டிவிடும். ஆனால் பத்தியம் மட்டும் உங்களுக்குப் போதாது. பெரும்பகுதி யூரிக் அமிலம் உடலுக்குள்ளேயே உருவாவது. ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பெருக்கி மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், அதுவும் அளவை ஏற்றும்.

அலோபுரினால் சாப்பிடும்போது தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு, அன்றே மருத்துவரிடம் போங்கள். மூட்டு வீக்கத்தோடு காய்ச்சலும் குளிரும் இருந்தாலும் தாமதிக்காதீர்கள். மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம்.