21 கியர் சைக்கிளுக்கு எந்தச் செயின்?

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கல்லூரிக் காலத்தில் வாங்கிய 21 கியர் மலை சைக்கிள், செயின் துருவேறிப் போனதால் புதுசு போட்டாராம். இப்போது அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு ஏறும்போது அழுத்தி மிதித்தால் செயின் டக் டக்கென்று வழுக்குகிறது. செயின் தப்பா, அல்லது கிராங்க்கையும் (பெடல் கையும் அதோடு சேர்ந்த முன் பல்சக்கரங்களும்) மாற்ற வேண்டுமா என்கிறார்.

தம்பி, கிராங்க்கை இப்போதைக்குத் தொட வேண்டாம். முதலில் செயின் அகலத்தைப் பார்த்துவிடுவோம். கடையில் போய் "21 கியர் செயின்" என்று கேட்டிருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள், ஆனால் 21 என்பது முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7 பல்சக்கரம், இரண்டையும் பெருக்கி வந்த கணக்கு. செயின் வாங்க, பின் பல்சக்கரங்களின் எண்ணிக்கைதான் முக்கியம். 6, 7, 8 மூன்றுக்கும் ஒரே செயின் போதும், வெளி அகலம் 7 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. 9-க்கு வந்தால் ஆறரைக்குப் பக்கம், 10-க்கு 6. பல்சக்கரங்கள் நெருங்க நெருங்க செயினும் ஒல்லியாகும். கியர் இல்லாத சாதா சைக்கிள் செயின் இவை எல்லாவற்றையும் விட அகலம், ஆனால் கண்ணி நீளம் எல்லாவற்றுக்கும் அதே அரை அங்குலம் என்பதால் பல்லில் அழகாக உட்கார்ந்து நம்மை ஏமாற்றிவிடும். பக்கத்து லேத் பட்டறையில் வெர்னியர் வைத்து கண்ணிகளைக் கோர்க்கும் ஊசி ஒன்றின் நீளத்தை அளந்தால் தெரிந்துவிடும். சாதா செயினாக இருந்தால் பக்கத்துப் பல்சக்கரத்தில் உரசி, சும்மா மிதிக்கும்போதே கரகரக்கும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் செயின் அகலம் காரணம் இல்லை. வழக்கமாக ஓட்டும் இரண்டு மூன்று கியரில் மட்டும் வழுக்குகிறதா? அப்படியானால் ஃப்ரீவீல் (பின் பல்சக்கரத் தொகுதி) தேய்ந்திருக்கிறது. அந்தப் பல்லை உற்றுப் பாருங்கள், ஒரு பக்கம் சாய்ந்து அரிவாள் மூக்கு மாதிரி நிற்கும். பழைய செயின் நீண்டுபோய் அதற்கேற்ப பல்லையும் தின்றிருக்கும், புதுச் செயினுக்கு அந்தப் பல்லில் பிடிப்புக் கிடைக்காது. கண்மாய்க் கரைப் புழுதியும் எண்ணெயும் சேர்ந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். (எல்லாக் கியரிலும் ஒரே இடைவெளியில் வழுக்கினால் மட்டும் பெடலைப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள், எங்காவது ஒரு கண்ணி மடங்காமல் விறைத்து நிற்கும், அதைத் தளர்த்தினால் போதும்.)

பழைய செயின் வீட்டில் கிடந்தால் இழுத்துப் பிடித்து 24 கண்ணி அளந்து பாருங்கள். புதுசாக இருந்தால் சரியாக 12 அங்குலம். அதற்கு மேல் 1/16 அங்குலம் போனதுமே மாற்றியிருக்க வேண்டும். 1/8 தாண்டியிருந்தால் பெரும்பாலும் ஃப்ரீவீலும் போயிருக்கும்.

சரி, ஃப்ரீவீல் வாங்கும் முன் உங்களுடையது மரையில் திருகிய ஃப்ரீவீலா, செருகிப் பூட்டும் கேசட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைக் கழற்றிப் பல்சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றும்போது, கழற்றும் கருவி நுழையும் நடுப்பகுதி சுற்றாமல் நின்றால் ஃப்ரீவீல், கூடவே சுற்றினால் கேசட். புதுசின் பெரிய பல்சக்கரத்தில் பழசை விடப் பல் அதிகமென்றால் செயின் நீளத்தையும் பார்க்க வேண்டும். பின் டெரெய்லருக்குள் (செயினைக் கியர் மாற்றித் தள்ளும் கருவி) விடாமல் முன் பெரிய பல்சக்கரம், பின் பெரிய பல்சக்கரம் இரண்டையும் சுற்றி எடுத்து, அதற்கு மேல் இரண்டு கண்ணி விடுங்கள். அப்புறம் வெட்டிய மிச்சத்தைத் தூக்கிப் போடாதீர்கள், செயின் பாதி வழியில் அறுந்தால் அந்தக் கண்ணிகள்தான் கைகொடுக்கும்.