பூட் கிழிந்தால் டிரைவ் ஷாஃப்டையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் அண்ணன் வைத்திருந்த சான் ஸ்டார்ம் கார் இப்போது மதுரை திருநகரில் என்னிடம் இருக்கிறது. இரண்டு இருக்கையும் ஃபைபர் உடலும் 1149 சிசி ரெனோ எஞ்சினும் கொண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. நான்கு ஆண்டுகள் ஷெட்டில் நின்றதை எடுத்து, அழகர்கோவில் வரை இரண்டு முறை போய்வந்தேன். பிறகு பார்த்தால் முன்சக்கரங்களின் உட்புறமெல்லாம் கிரீஸ் தெறித்துக் கிடக்கிறது. இரு பக்கமும் வெளிப்புற ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது. ஒரு பட்டறையில், கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் இரண்டு டிரைவ் ஷாஃப்டையும் முழுதாக மாற்ற வேண்டும் என்கிறார்கள். இன்னொருவர் எதையும் கழற்றாமல், சுற்றி வைத்து ஒட்டும் ஒட்டுப் பூட் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். மூன்றாமவர் பூட்டுக்குள் இருக்கும் ஜாயின்டுக்கு வெல்டிங் வைத்து, லேத்தில் கடைந்து ரீகண்டிஷன் செய்யலாம், அதாவது பழையதையே புதுப்பிக்கலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூவருமே ஜாயின்டைத் திறந்து பார்க்காமல் விலை பேசியிருக்கிறார்கள். ஆகவே இப்போதைக்கு மூவரில் எவரிடமும் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஷாஃப்டைக் கழற்றி, சுத்தம் செய்து, காட்டுவதற்கு மட்டும் எவ்வளவு கூலி என்று கேளுங்கள். அந்தக் கூலி வீண் செலவல்ல. நிரந்தரத் தீர்வு எதுவானாலும் ஷாஃப்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

பூட் என்பது வெறும் உறைதான். அதற்குள் இருப்பது, சக்கரம் திரும்பினாலும் சுழற்சியைச் சீராகக் கடத்தும் சிவி ஜாயின்ட். சக்கரப் பக்கமுள்ள வெளிப்புற ஜாயின்டில் பெரும்பாலும் ஆறு எஃகுக் குண்டுகள் ஒரு கூண்டுக்குள் அமர்ந்து, உள் வளையத்துக்கும் வெளிக் கிண்ணத்துக்கும் இடையே வெட்டப்பட்ட பள்ளங்களில் ஓடுகின்றன. கிழிசல் வழியாகக் கிரீஸ் வெளியேறுவதைவிட, உள்ளே போகும் மண்ணும் தண்ணீரும்தான் பெரிய கேடு. மிஞ்சிய கிரீஸோடு கலக்கும் செம்மண் தூசி, உப்புத்தாள் போல அந்தப் பள்ளங்களைத் தேய்த்துவிடும். உங்கள் கார் நின்ற நிலையில் காய்ந்துபோன ரப்பர், ஓட்டியவுடன் மடிப்புகளில் பிளந்திருக்க வேண்டும் என்பதே என் ஊகம். அது சரியானால், கிழிந்த பிறகு கார் ஓடிய தூரம் மிகக் குறைவு. ஜாயின்டுகள் நன்றாகவே இருக்க வாய்ப்புண்டு.

கழற்றுவதற்கு முன்பு நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஆளில்லாத மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒரு பக்கம் ஒடித்து, மெதுவாக வட்டமடித்து ஓட்டுங்கள். பிறகு மறுபக்கமும் அவ்வாறே செய்யுங்கள். ‘டக் டக்’ என்று சீராகச் சத்தம் வந்தால் வெளிப்புற ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது என்று பொருள். இடப்பக்கம் திரும்பும்போது வரும் சத்தம் பெரும்பாலும் வலச் சக்கரத்தினுடையது. நேராகப் போகையில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வண்டி அதிர்ந்து, காலை எடுத்ததும் அதிர்வு நின்றால், கியர்பாக்ஸ் பக்கமுள்ள உட்புற ஜாயின்டைச் சந்தேகிக்கலாம்.

திறந்தபின் பார்க்க வேண்டியது இது. குண்டுகளை வெளியே எடுப்பதற்கு முன்பே எந்தக் குண்டு எந்தப் பள்ளத்தில் இருந்தது என்று அடையாளமிடச் சொல்லுங்கள். ஒன்றோடொன்று பழகித் தேய்ந்த பாகங்கள் இடம் மாறக் கூடாது. எல்லாவற்றையும் கழுவிக் காய வைத்த பிறகு, பள்ளத்தின் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். குண்டு ஓடிய தடம் பளபளப்பாக மட்டும் தெரிந்தால் கவலை வேண்டாம். நகம் தட்டும்படி விளிம்போ குழியோ இருந்தாலும், கூண்டின் சன்னல்களில் குண்டு அடித்த தழும்பு இருந்தாலும், சூட்டில் நீலம் பாய்ந்திருந்தாலும், அந்த ஜாயின்டின் காலம் முடிந்தது. இந்தக் குறைகள் எதுவும் இல்லாவிட்டால் புதிய பூட், புதிய கிரீஸ், பூட்டை இறுக்கிப் பிடிக்கும் புதிய கிளாம்ப், ஷாஃப்டை ஜாயின்டில் பிடித்துவைக்கும் புதிய சர்க்கிளிப் வளையம் ஆகியவை போதும். பழைய ஷாஃப்டையே வைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத மலிவான புதிய ஷாஃப்டைவிட, தேயாத அசல் ஷாஃப்டையே நான் நம்புவேன்.

வெல்டிங் யோசனையைத் தயங்காமல் மறுத்துவிடுங்கள். அந்தப் பள்ளங்களின் மேற்பரப்பு மட்டும் கடினப்படுத்தப்பட்டிருக்கும். வெல்டிங் சூட்டில் அந்தக் கடினம் போய்விடும், லேத்தில் எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்தாலும் அது திரும்பாது. முறையாக ரீகண்டிஷன் செய்பவர்கள் பள்ளங்களைக் கிரைண்டிங் செய்து, சற்றே பெரிய குண்டுகளைப் போடுவார்கள். கப்பலூரிலோ புதூரிலோ விசாரிக்கும்போது ‘வெல்டிங்கா, கிரைண்டிங்கா?’ என்ற ஒரே கேள்வி போதும். தேய்மானம் லேசாக இருந்தால் பழைய மெக்கானிக்குகள் செய்யும் ஒரு வேலையும் உண்டு: கார் பெரும்பாலும் முன்னோக்கியே ஓடுவதால் பள்ளத்தின் ஒரு சுவர்தான் அதிகம் தேயும், ஆகவே இரு பக்க அமைப்பும் ஒரே மாதிரி இருந்தால், இட, வல வெளிப்புற ஜாயின்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டு, தேயாத சுவரை வேலை வாங்குவார்கள். ஷாஃப்டுகளின் நீளம் வேறாக இருந்தாலும் ஜாயின்டை மட்டும் மாற்ற இயலும்.

ஒட்டுப் பூட், நடுவழியில் வீடு வந்து சேர உதவலாம். ஒட்டும் இடத்தில் துளி கிரீஸ் பட்டாலும் பிடிக்காது. முழுப் பூட்டை வாங்கும்போது சிறிய வாய், பெரிய வாய், நீளம் மூன்றையும் பழையதோடு ஒப்பிட்டு, மடிப்புகளை விரித்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கடை அலமாரியில் பல ஆண்டு கிடந்த ரப்பர் புதியதல்ல. உறையோடு வரும் கிரீஸ் முழுவதையும், அதை மட்டுமே இடச் சொல்லுங்கள். அது மாலிப்டினம் கலந்த கருநிறக் கிரீஸாக இருக்கும். பட்டறை டப்பாவிலுள்ள சாதாரணக் கிரீஸ் அதற்கு ஈடாகாது. கிளாம்ப் இடத்தில் கட்டுக்கம்பி கட்டுவதை அனுமதிக்க வேண்டாம். ஷாஃப்டை வெளியே எடுக்கும்போதே கியர்பாக்ஸ் ஆயில் சீலையும் மாற்றிவிட்டு, வடிந்த அளவுக்குக் கியர் ஆயிலை நிரப்பச் சொல்லுங்கள். சக்கர மையத்தில் ஷாஃப்டைப் பிடிக்கும் ஆக்சில் நட் புதியதாகவும், குறித்த அளவு விசையில் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் இறுக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். கைப்பழக்கத்தில் இறுக்கினால் சக்கர பேரிங் கெடும்.

வேலைக்கு விடும்முன் மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிக்கொண்டு, கழற்றும் பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், இருந்தாலும் சொல்லுங்கள்.

கேள்வி: மேலூரிலிருந்து எழுதுகிறேன். என் பழைய காருக்கு இணையத்தில் ‘புதியது’ என்று விற்ற டிரைவ் ஷாஃப்டை வாங்கினேன். மெக்கானிக் பிரித்துப் பார்த்து, இது சாயமடித்த ரீகண்டிஷன் ஷாஃப்ட் என்றும், ஷாஃப்ட் முனையிலுள்ள பற்களின் எண்ணிக்கையும் விளம்பரத்தில் சொன்னபடி இல்லை என்றும் சொன்னார். விற்றவர் பில் தராததோடு, திருப்பி எடுக்கவும் மறுக்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. பில் தர மறுப்பதையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நேர்மையற்ற வணிக முறையாகவே கருதுகிறது. நீங்களே தவறான அளவைத் தேர்ந்தெடுத்திருந்தால் மட்டும் வழக்கு பலவீனமாகும். உங்கள் கடிதப்படி அப்படியில்லை.

விளம்பரப் பக்கத்தையும் பணம் செலுத்திய விவரத்தையும் இன்றே படமெடுத்து வையுங்கள், விற்றவர் விளம்பரத்தை மாற்றிவிடலாம். ஷாஃப்டைப் பழையதோடு அருகருகே வைத்து, பற்கள் எண்ணும்படியாகவும், சாயத்துக்கு அடியில் உள்ள துருவும் பழைய எண்ணும் தெரியும்படியாகவும் படமெடுங்கள். மெக்கானிக்கிடம் ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள். அதன்பின் விற்றவருக்கு எழுத்தில் பணத்தைக் கேட்டு, பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு போக வேண்டும். அதுவரை அந்த ஷாஃப்டைக் காரில் பொருத்தி ஓட்ட வேண்டாம். ஓட்டித் தேய்ந்த பொருள் என்று சொல்லி அவர் தப்பிக்க நீங்களே வழிவிட்டதாக ஆகிவிடும்.